காணியை எழுதிக் கொடுத்து மகனை லண்டனுக்குப் படிக்க அனுப்பலாமா?

கேள்வி:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மகள், வயது 24, முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். இளையவன் மகன், வயது 20. கணிதத்துறையில் இரண்டு தரம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதினான். முதல் தரம் ஒரு சி, இரண்டு எஸ். இரண்டாம் தரம் ஒரு பி, ஒரு சி, ஒரு எஸ். பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கணவர் தோட்டம் செய்கிறார், நல்ல மாதத்தில் 90,000 ரூபா வரும். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினிப் பட்டப்படிப்புக்கு இடம் எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. மூன்று வருடப் படிப்பு, வருடத்துக்கு 14,000 பவுண்ஸ். முதல் வருடக் காசை நாங்கள் கட்டினால் போதும், மிச்சத்தைப் பிள்ளை அங்கே பகுதிநேர வேலை செய்து கட்டிவிடுவான் என்கிறார்கள். என் சீதனக் காணி ஆறு பரப்பு இருக்கிறது. அதன் பேரில் 50 இலட்சம் தர ஊரில் ஒருவர் தயார், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. ஈடாக இல்லாமல் அறுதியாக எழுதச் சொல்கிறார், காசைக் கட்டியதும் திருப்பி எழுதித் தருவாராம். லண்டனில் இருக்கும் தம்பி, “அக்கா, இங்கே எல்லாப் பிள்ளைகளும் கடனில்தான் படிக்குதுகள், பயப்பிடாதே” என்கிறான். கம்பஸ் கிடைக்காத பிள்ளை என்று சனம் கதைப்பதையும் தாங்க முடியவில்லை. ஏஜென்சிக்குப் பதிவுக் காசு 75,000 கட்டிவிட்டோம். 20ஆம் திகதிக்கு முன் அடுத்த தொகையைக் கேட்கிறார்கள். என்ன செய்வது?

— உரும்பிராயிலிருந்து ஒரு தாய்

பதில்:

தங்கச்சி, அந்த உறுதியில் இந்தக் கிழமை கையொப்பம் வைக்காதீர்கள். மிச்சம் எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்க்கலாம், இது ஒன்றுதான் அவசரம்.

ஊரில் அவர் கேட்பது ஈடு அல்ல. ஈட்டு உறுதி எழுதினால் காணி உங்கள் பெயரிலேயே இருக்கும். கடனைக் கட்டி முடித்து மீட்கலாம். கட்ட முடியாமல் போனாலும் அவர் வழக்குப் போட்டுத்தான் காணியில் கை வைக்கலாம். அறுதியாக எழுதினால் அது விற்பனை. நொத்தாரிசுக்கு முன்னால் நீங்கள் காணியை விற்றுக் காசை எண்ணி வாங்கிவிட்டீர்கள் என்றுதான் அந்தத் தாள் சொல்லும். திருப்பி எழுதித் தருவேன் என்ற அவருடைய வாக்கு அந்தத் தாளில் எங்குமே இருக்காது. காணி பற்றிய ஒப்பந்தம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில் இருந்தால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி. நாளைக்கு அவர் இல்லாமல் போய் அவருடைய பிள்ளைகள் வந்து நின்றால் எந்த வாக்கை யாரிடம் கேட்பீர்கள்? நான் 29 வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு குடும்பங்களின் கடன் கணக்குகளைப் பார்த்து ஆலோசனை சொல்லி வருகிறேன். இத்தனை காலத்தில் என் முன்னால் இருந்து அழுதவர்களில் பலர், இப்படி நம்பி அறுதியாக எழுதிக் கொடுத்தவர்கள்தான்.

அடுத்தது வட்டி. 50 இலட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் ஒரு இலட்சம் ரூபா. உங்கள் கணவரின் நல்ல மாத வருமானம் 90,000. வீட்டில் ஒரு நேரம் உலை வைக்காமல் முழுக் காசையும் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வட்டிக்கே 10,000 குறைகிறது, முதல் அப்படியே நிற்கிறது. மகன் படித்து முடித்து வேலையில் ஏற நான்கு வருடம் என்று வையுங்கள். அதற்குள் வட்டி மட்டும் 48 இலட்சம். மழை பிந்தி வெங்காயம் அழுகிப்போகிற வருடம் இந்த நாலில் ஒன்றாவது வரும், உங்களுக்குத் தெரியாததில்லை.

உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் பார்க்கிற கடன் வேறு, உங்களிடம் கேட்கப்படுகிற கடன் வேறு. இங்கிலாந்தில் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாணவர் கடன் கொடுக்கிறது. காணி, நகை, பிணையாள் என்று எதுவும் கேட்பதில்லை. 2023 ஓகஸ்ட்டுக்குப் பின் படிப்பைத் தொடங்கிய ஒரு பிள்ளை, வேலைக்குப் போய் வருடத்துக்கு 25,000 பவுண்ஸுக்கு மேல் உழைத்தால், அந்த மேலதிகத்தில் நூற்றுக்கு ஒன்பதைச் சம்பளத்திலேயே வெட்டிக்கொள்வார்கள். வேலை போனால் வெட்டு நின்றுவிடும். 40 வருடத்தில் கட்டி முடியாதது தள்ளுபடி. அங்கேயே அந்தக் கடனைப் பற்றி நிறையப் பேர் மனவருத்தத்தோடு பேசுகிறார்கள், அது வேறு கதை. ஆனாலும் அந்தக் கடனுக்காக யாருடைய தாயும் வீட்டு வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. மாணவர் விசாவில் இங்கிருந்து போகிற பிள்ளைக்கு அந்தக் கடன் கிடையாது. அங்கத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் 2025/26இல் வருடத்துக்கு 9,535 பவுண்ஸுக்கு மேல் போகக்கூடாது என்று இங்கிலாந்தில் ஒரு வரம்பும் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்த வரம்பும் இல்லை. அதனால்தான் உங்களிடம் 14,000 கேட்கிறார்கள். தம்பியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “உன் மருமகனுக்கு நீ பிணை நிற்பாயா?” அவர் ஓம் என்றால் முழுக் கணக்கையும் அவரோடு இருந்து பேசலாம். தயங்கினால் கோபிக்க வேண்டாம், அவருக்கும் அங்கே வீட்டுக் கடன் இருக்கும்.

சரி, ஏஜென்சி சொன்ன கணக்கைப் பார்ப்போம். பவுண்ஸ் ஒன்றை 400 ரூபா என்று வட்டமாக வைக்கிறேன். முதல் வருடக் கட்டணம் மட்டும் 56 இலட்சம். காணிக்குக் கிடைப்பது 50. அப்புறம், விசாவுக்குப் போகும்போது ஒன்பது மாதச் செலவுக்குக் காசு இருப்பதாகக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றால் 2025 நவம்பரில் இருந்து மாதம் 1,171 பவுண்ஸ், ஒன்பது மாதத்துக்கு 10,539. அது இன்னொரு 42 இலட்சம், தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். இதைக் கைமாற்றாகப் போட்டுக் காட்டித் தருகிறோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். போலி ஆவணம் என்று பிடிபட்டால் பத்து வருடத்துக்கு அந்த நாட்டுப் பக்கம் போக முடியாது, அந்தக் கறை மகன் பெயரில் விழும், ஏஜென்சி பெயரில் விழாது. வைத்திய சேவைக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்ஸ், படிப்பு முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். விசாக் கட்டணம், விமானச் சீட்டு எல்லாம் இதற்கு மேலே.

‘மிச்சத்தைப் பிள்ளை உழைத்துக் கட்டுவான்’ என்ற வார்த்தையை நம்பித்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் அதை விடாமல் பார்ப்போம். பட்டப்படிப்பு மாணவர் விசாவில், படிப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 18 முதல் 20 வயதுவரை உள்ளவர்களுக்கு 2026 ஏப்ரலில் இருந்து ஆகக்குறைந்த கூலி மணிக்கு 10 பவுண்ஸ் 85 பென்ஸ். கிழமைக்கு 217 பவுண்ஸ், மாதம் ஏறக்குறைய 940. ஒரு மாணவருக்கு மாதம் 1,171 பவுண்ஸ் வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கமே கணக்குப் போட்டிருக்கிறது. ஆக, ஒரு மணித்தியாலமும் தவறாமல் வேலை கிடைத்தாலும் அவன் சாப்பிட்டு வாடகை கட்டவே 230 பவுண்ஸ் துண்டு விழும். 21 வயதானால் கூலி கொஞ்சம் கூடும், விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம், உண்மைதான். அந்தக் காசு துண்டு விழுந்ததை அடைக்கப் போகும். இரண்டாம் வருடத்துக்கு 14,000, மூன்றாம் வருடத்துக்கு 14,000 எங்கிருந்து வரும்? கட்டணம் கட்டாவிட்டால் பல்கலைக்கழகம் பதிவை நிறுத்தி, விசாவைக் கவனிக்கிற உள்நாட்டு அலுவலகத்துக்கு அறிவிக்கும், அதோடு விசாவும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் விதி மீறி இரவு வேலைக்குப் போகிறார்கள், வகுப்பில் தூங்குகிறார்கள், வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் “நல்லா இருக்கிறன் அம்மா” என்கிறார்கள்.

நாணய மாற்றைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் என் கையும் இருக்கிறது. 2021இல் ஒரு தகப்பனுக்கு மகனின் வெளிநாட்டுப் படிப்புக்காகக் கடன் ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. வருடக் கட்டணம் 15,000 பவுண்ஸ், அப்போது பவுண்ஸ் ஒன்று 270 ரூபா அளவில், ஏறத்தாழ 40 இலட்சம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 203 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 வரை போனது, ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்தத் தகப்பனுக்கு இரண்டாம் வருடம் அதே 15,000 பவுண்ஸ் 66 இலட்சமாக வந்து நின்றது. அவருடைய சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை, கடன் வட்டி மட்டும் கூடிக்கொண்டே போனது. பெடியன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டான். ரூபாவில் உழைக்கிறவர் பவுண்ஸில் பொறுப்பெடுத்தால் என்ன ஆகும் என்று அன்று நான் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த மனச்சுமையோடுதான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படித்து முடித்த பிறகும் வழி முன்பு போல இல்லை. பட்டம் பெற்றவர் அங்கே தங்கி வேலை தேட இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். உங்கள் மகன் முடிக்கும்போது அந்த 18 மாதம்தான். அதற்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கிற நிறுவனம் ஒன்றில் வேலை எடுக்க வேண்டும், புதிதாக வேலைக்கு வருகிறவருக்கே பொதுவாக வருடம் 33,400 பவுண்ஸாவது சம்பளம் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உயர்த்திவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் அதையும் எட்டுவார்கள். எட்டாவிட்டால் ஆறு பரப்புக் காணியும் போய், பிள்ளையும் திரும்பி வந்து நிற்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, பல்கலைக்கழகமே வேண்டாம் என்கிறேன் என்று எண்ண வேண்டாம். என் அப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். 1945இல் கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் நானும் புகையிலை நரம்பு கிழித்துக்கொண்டு இருந்திருப்பேன். எங்கள் சனத்துக்குக் கம்பஸ் மேல் இருக்கும் பிடிப்பையும் நான் குறை சொல்ல மாட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றிக் கணக்கிட்ட தரப்படுத்தல் வந்து, நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் வாசலில் நின்று திரும்பிய காலம் எங்கள் வீடுகளில் இன்னும் ஆறாத புண். 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது ஊரில் பலர் மகிழ்ந்தார்கள். அந்த வாசலுக்குள் பிள்ளை போக வேண்டும் என்று நீங்கள் ஏங்குவது எனக்கு நன்றாக விளங்குகிறது. அதே வாசலால் வெளியே வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலில் மாதக்கணக்காக இருந்து போராடினார்கள். 2020இல் நாடு முழுக்க ஐம்பதாயிரம் பட்டதாரிகள் அளவில் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுக்கப்பட்டார்கள். கட்டணம் இல்லாத படிப்புக்கே நாலைந்து வருடம் என்ற விலை இருக்கிறது. எந்தப் பாடம், அதில் கை பழகியதா, ஆங்கிலம் வந்ததா, படிக்கும்போதே எங்காவது வேலை பழகினானா என்பதைப் பார்த்துத்தான் ஒரு பட்டம் பெறுமதியா இல்லையா என்று நான் சொல்வேன்.

இனி மகனுக்கு என்ன வழி என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பெறுபேறுதான். சி, எஸ், எஸ் எடுத்த பிள்ளை அடுத்த வருடம் பி, சி, எஸ் எடுத்திருக்கிறான், அதாவது ஏறுகிறான். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம் எழுதலாம், அவனுக்கு இன்னும் ஒன்று மிச்சம். அதற்கு முதல், இந்தப் பெறுபேற்றுக்கே விண்ணப்பம் எப்படி நிரப்பினீர்கள் என்று பாருங்கள். தகுதி பெறுகிற பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கிறது, இடம் குறைவு என்பது உண்மை. ஆனால் எங்கள் பிள்ளைகள் பொறியியல் என்று ஒன்றை எழுதி, அதற்குக் கீழே இரண்டு மூன்றை எழுதிவிட்டு எழும்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் கணிதத்துறைப் பிள்ளைக்குப் பௌதிக விஞ்ஞானம், நில அளவை, கட்டட அளவை, நகரத் திட்டமிடல், போக்குவரத்து முகாமைத்துவம், கணினி சார்ந்த பல கற்கைநெறிகள் என்று ஒரு நீளப் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் தரத்திலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. ஆகவே ஒவ்வொரு கற்கைநெறிக்கும் யாழ் மாவட்டத்தின் கடந்த மூன்று வருட வெட்டுப்புள்ளியை எடுத்து, மகனின் இசட் புள்ளியோடு (அனுமதிக்காகக் கணக்கிடும் தரப்படுத்திய புள்ளி) பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு பின்னேர வேலைதான். அவனே இருந்து செய்யட்டும்.

மூன்றாம் தரம் எழுதுவதென்றாலும் ஒரு வருடம் முழுக்க ரியூசன் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் மட்டும் சைக்கிள் ஓட அனுமதிக்காதீர்கள். கணினி என்று ஏஜென்சி சொன்னது அவனுக்கும் விருப்பமான துறையானால், அதை இங்கேயே தொடங்கலாம். குருநகரில் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, அது அரச நிறுவனம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. வீட்டிலிருந்து படித்துப் பரீட்சை எழுதலாம். முதல் வருடத்தோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா, மூன்றையும் முடித்தால் பட்டம். இடையில் காசில்லாமல் நின்றாலும் கையில் ஒன்று மிஞ்சும் என்பதால் எனக்கு அந்த அமைப்பு பிடிக்கும். திறந்த பல்கலைக்கழகத்துக்கும் யாழ்ப்பாணத்தில் நிலையம் உண்டு, கட்டணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டிப் படிக்கலாம். கையால் செய்கிற வேலையில் அவனுக்கு விருப்பம் என்றால், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தொழில்நுட்ப நிறுவனத்தின் மூன்று வருடத் தேசிய டிப்ளோமாவையும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தையும் போய்ப் பாருங்கள். என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமையில் 5, 6ஆம் மட்டம் எடுத்தவர் அங்கிருந்து பட்டம் வரை போகலாம். “தொழிற்பயிற்சிக்கோ என் பிள்ளை” என்று முகம் சுளிக்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஏ.சி. திருத்த, வாகன மின்சாரம் பார்க்க யாழ்ப்பாணத்தில் ஆள் கிடைக்காமல் நாள்கணக்காகக் காத்திருப்பதும் அவர்கள்தான்.

பட்டம்தான், அதுவும் முழுநேரமாகத்தான் என்றால், கடன் எடுப்பதற்கும் ஒரு நேர்மையான வழி இருக்கிறது. 2017இலிருந்து அரசாங்கம், பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் அங்கீகரிக்கப்பட்ட அரசசார்பற்ற நிறுவனங்களில் படிக்க வட்டியில்லா மாணவர் கடன் கொடுக்கிறது. வட்டியை அரசாங்கம் பொறுப்பெடுக்கும், படிப்பு முடிந்து ஒரு சலுகைக் காலத்துக்குப் பிறகுதான் தவணை தொடங்கும். ஏ.எல். மூன்று பாடமும் சித்தியெய்திய உங்கள் மகன் அதற்கு விண்ணப்பிக்கலாம். மற்றத் தகைமைகள், தொகை, நிறுவனங்களின் பட்டியல் ஒவ்வொரு முறையும் உயர்கல்வி அமைச்சின் அறிவித்தலில் வரும், அதை வரி விடாமல் வாசியுங்கள். எந்தத் தனியார் நிறுவனத்துக்குப் போனாலும் அந்தப் பட்டத்தை வழங்க பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் வர்த்தமானி அனுமதி இருக்கிறதா, அல்லது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வரவேற்பில் இருக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டு “ஓம் அன்ரி” என்றால் அது போதாது.

எவ்வளவு கடன் எடுக்கலாம் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் ஒரே கணக்கைத்தான் சொல்வேன். பிள்ளை இங்கே, இந்த மாவட்டத்தில், முதல் வேலையில் எடுக்கக்கூடிய சம்பளத்தை எழுதுங்கள், பெரிய நிறுவனக் கனவை விட்டுவிடுங்கள். 80,000 ரூபா என்று வைப்போம். அதில் கால் பங்கு 20,000. அதை ஐந்து வருடம் கட்டினால் 12 இலட்சம். வட்டியும் முதலுமாக அந்த 12 இலட்சத்துக்குள் அடங்குகிற கடன் என்றால் எடுங்கள், பிள்ளை தன் கையாலேயே கட்டுவான். அதற்கு மேலே போகிற ஒவ்வொரு ரூபாவையும் வேறு யாரோ கட்ட வேண்டி வரும். உங்கள் விடயத்தில் அந்த வேறு யாரோ உங்கள் மகள்.

அவளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு பரப்பு உங்கள் அம்மா உங்களுக்குத் தந்தது, நீங்கள் மகளுக்கு என்று மனத்தில் வைத்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதை எழுதிக் கொடுக்க, யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி உங்கள் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மகளின் சம்மதத்தைச் சட்டம் கேட்காது, நீங்கள் கேளுங்கள். முன்பள்ளி ஆசிரியைக்கு என்ன கொடுப்பனவு கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் மேலே படிக்க விருப்பமா என்று யாராவது கேட்டார்களா?

மகனையும் இருத்திக் கேளுங்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் ஏஜென்சி சொன்னது, தம்பி சொன்னது, சனம் சொல்வது எல்லாம் இருக்கிறது, அவன் என்ன சொன்னான் என்று இல்லை. நான் மேலே போட்ட கணக்கை அவனிடம் கொடுத்து, பிழை இருந்தால் பிடிக்கச் சொல்லுங்கள். கணிதத்துறைப் பிள்ளை, பிடிப்பான். பிடித்த பிறகும் வெளிநாடு போக ஆசை என்றால் அந்த ஆசையைக் கொல்ல வேண்டாம். இங்கே ஒரு பட்டத்தை முடித்து, இரண்டு வருடம் வேலை செய்து, அங்கே ஒரு வருட முதுகலைக்குப் போகலாம். மூன்று வருடக் கட்டணம் ஒரு வருடக் கட்டணமாகக் குறையும், பொதுநலவாயப் புலமைப்பரிசில், செவனிங் போன்ற உதவிகளுக்கும் அப்போதுதான் விண்ணப்பிக்க முடியும்.

சனம் கதைப்பதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. கதைக்கிறவர்கள் ஒருவரும் மாதம் ஒரு இலட்சம் வட்டிக்கு உதவ வர மாட்டார்கள்.

கடைசியாக அந்த 75,000. பற்றுச்சீட்டை எடுத்து, எதற்கான காசு என்று அதில் எழுதியிருப்பதைப் பாருங்கள். திருப்பித் தரப்படும் என்று இருந்தால் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரமாட்டோம் என்று இருந்தால் அது போய்விட்டது என்று வையுங்கள், கஷ்டம்தான், தாலிக்கொடியை அடகு வைத்தாவது கட்டியிருப்பீர்கள். அதை மீட்பதற்காக 56 இலட்சத்தைப் பின்னால் அனுப்ப வேண்டாம். 20ஆம் திகதி நெருங்க நெருங்க அவர்கள் தொலைபேசி எடுப்பார்கள், இடம் போகப் போகிறது, இதுதான் கடைசி நாள் என்பார்கள். மகனையே பேச விடுங்கள். இரண்டாம் வருடக் கட்டணத்தை நான் எப்படிக் கட்டுவது, கணக்கை எழுதி அனுப்புங்கள் என்று மட்டும் அவன் கேட்கட்டும். எழுத்தில் ஏதாவது வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துப் பதில் எழுதுகிறேன்.